சூரியன் மறைந்தால் நல்ல பிரிண்ட்

இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களின் இயற்கைக் காட்சி பிரிண்ட் ஒன்றை ஹாலில் மாட்ட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது, சோபா நிறத்துக்கு ஒத்துப்போகிறதா என்பதைத்தான். பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் படங்கள் நம் கண்ணில் செய்யும் வேலை பிரிண்டிலும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

இருப்பதிலேயே பெயர்பெற்ற படத்தை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸின் லெ ஆவர் துறைமுகத்தில் விடியும் காலைப்பொழுதை 1872இல் கிளாட் மோனே வரைந்தார். சாம்பல் கலந்த நீல மூட்டம், கறுத்துத் தெரியும் படகு, நடுவுக்குச் சற்று வலப்பக்கம் ஆரஞ்சு வட்டமாகச் சூரியன், அதன் கீழே தண்ணீரில் சில ஆரஞ்சுத் தீற்றல்கள். அவ்வளவுதான் படம். 1874இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது விமர்சகர் லூயி லெருவா, ‘இம்ப்ரஷன், சூரியோதயம்’ என்ற அதன் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நையாண்டி செய்தார். இம்ப்ரஷனிஸ்ட் இயக்கத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது அதனால்தான்.

இந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். போனிலேயே செய்யலாம். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும்! நிறத்தில் வேறுபட்டாலும், வெளிச்ச அளவில் சூரியனும் சுற்றியுள்ள மூட்டமும் ஏறக்குறைய ஒன்று. ஹார்வர்டு நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார். பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்பதைக் கவனிக்கும் மூளைப்பகுதிக்கு நிறம் தெரியாது. வெளிச்ச வித்தியாசம்தான் தெரியும். நிறத்தைப் பார்ப்பது வேறொரு பகுதி. ஒரு பகுதி சூரியனைப் பளிச்சென்று பார்க்க, இன்னொன்றுக்கு அது இருக்கும் இடமே பிடிபடுவதில்லை. அதனால்தான் அது துடிப்பதுபோல் தோன்றுகிறது.

பிரிண்ட் கெடும் இடமும் இதுதான். படம் ‘எடுப்பாக’ இருக்கட்டும் என்று பிரைட்னஸைக் கூட்டுகிறார்கள். சூரியன் வெளுத்து, ஒட்டிவைத்த ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடுகிறது. சாதாரண அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கே மைகள். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து வரும் ஆரஞ்சு பல சமயம் மங்கிப்போகும். ஓவிய பிரிண்டுகளுக்கான இங்க்ஜெட் இயந்திரங்களில் பத்துக்கும் மேற்பட்ட மைகள் உண்டு, சிலவற்றில் ஆரஞ்சே தனி மை. கேட்டு வாங்கலாம். மை, ‘டை’ வகையா ‘பிக்மென்ட்’ வகையா என்பதையும் கேளுங்கள். பிக்மென்ட்தான் சீக்கிரம் வெளுக்காது. அதற்காக ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரில் மாட்டிவிடக் கூடாது. புற ஊதாக் கதிர் எந்த மையையும் விட்டுவைக்காது. மஞ்சள் பல்பும் இந்தப் படத்துக்கு ஆகாது, நீல மூட்டம் பழுப்பாகிவிடும்.

ஃபிரேம் விஷயத்தில் தங்கப்பூச்சுச் சட்டம்தான் கம்பீரம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களான பிஸாரோவும் டெகாவும் அந்தக் காலத்திலேயே தங்கத்தை விட்டு வெள்ளைச் சட்டத்துக்குப் போனார்கள். பக்கத்தில் தங்கம் மின்னினால் படத்தின் மெல்லிய நிறங்கள் எடுபடாது.

பிரிண்ட்தானே, அசலா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் ஷிவெர்னியில் மோனேயின் சொந்த வீட்டுச் சுவர்களை நிறைத்திருந்தவை ஹொக்குசாய், ஹிரோஷிகே போன்றோரின் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்கள்தான். மஞ்சள் பூசிய சாப்பாட்டு அறையில்கூட வரிசையாக மாட்டியிருந்தார்.

மோனே 1926இல் காலமானார்; அவர் ஓவியங்களுக்கு இப்போது காப்புரிமைச் சிக்கல் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், வைக்கோல்போர் ஓவியங்கள் பலவற்றை வைத்திருக்கும் சிகாகோ கலைக்கழகம் போன்றவை தங்களிடமுள்ள பழைய ஓவியங்களின் தெளிவான படக்கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. லெ ஆவர் சூரியோதயத்தின் அசல் அளவு 48க்கு 63 சென்டிமீட்டர். அந்த அகலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட, கோப்பு சுமார் 7,400 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். பிரிண்ட் போடக் கொடுக்கும்போது, பிரைட்னஸில் கைவைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.