ஒன்ராறியோ ஏரிகளில் பைக் மீன்: தூண்டிலோடு அளவுகோலும் தேவை

வட அமெரிக்கா, ஐரோப்பா, வட ஆசியா ஆகிய நிலப்பகுதிகளின் குளிர்ந்த நன்னீர் ஏரிகளில் வாழும் நார்தர்ன் பைக், வாத்தின் அலகைப் போலத் தட்டையாக நீண்ட வாயும் தொண்டையை நோக்கிச் சாய்ந்த கூரிய பற்களும் உடைய வேட்டை மீனாகும். நீர்ச்செடிகளுக்கிடையே அசையாது காத்திருந்து, அருகே வரும் மீனின் மீது பாய்ந்து விழுங்குவது இதன் இயல்பு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கோடையில் படகிலிருந்தும், பனிக்காலத்தில் உறைந்த ஏரியில் துளையிட்டும் இதைப் பிடிக்கின்றனர். நீளமான மீன் சிக்குவதே பெருமையாகக் கருதப்படுகிறது. ஆனால் சட்டம் பல இடங்களில் கட்டுப்படுத்துவதும், உண்பவருக்குக் கூடுதல் தீங்கு தரக்கூடியதும், மிகுதியாக முட்டையிட்டு ஏரியின் வளத்தைக் காப்பதும் அதே நீளமான மீன்தான் என்பதைத் தூண்டிலிடுவோர் அறிந்திருப்பது அவசியம்.

உரிமமும் எல்லைகளும்

18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்ராறியோவாசிகள், பொதுவாக ‘அவுட்டோர்ஸ் கார்ட்’ எனப்படும் அட்டையையும் மீன்பிடி உரிமத்தையும் பெற்ற பிறகே தூண்டிலிடலாம். அங்கு பெருந்தொகையாக வாழும் தமிழரும் இதற்கு விலக்கல்லர். உரிமம் இருவகைப்படும்: கூடுதல் மீன்களை வைத்துக்கொள்ள இடமளிப்பது ஒன்று, குறைந்த கட்டணத்தில் குறைந்த எண்ணிக்கைக்கு மட்டும் இடமளிப்பது மற்றொன்று. மாகாணம் 20 மீன்வள மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது; பல மண்டலங்களில் பைக் மீனுக்கான வரம்பு முதல்வகை உரிமத்துக்கு 6, இரண்டாம் வகைக்கு 2 என அமைந்திருக்க, வேறு சில மண்டலங்களில் நீளக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்வதால், செல்லும் ஏரிக்குரிய அவ்வாண்டு விதியை முன்கூட்டியே படித்தறிய வேண்டும். நீளம் என்பது வாயை மூடிய நிலையில் அதன் நுனியிலிருந்து, வாலின் இரு மடல்களையும் சேர்த்து அழுத்தி நீட்டிய முனைவரையுள்ள அளவாகும்.

பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பதும் பண்டமாற்றுச் செய்வதும் குற்றம். மீனை உயிரோடு எடுத்துச் சென்று வேறோர் ஏரியில் விடுவதும் அவ்வாறே. கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஏரியில், அந்நீருக்கு அயலான பைக் மீன் பெருகியதால், அதை ஒழிக்க 1997இலும் 2007இலும் ‘ரோட்டினோன்’ என்னும் மீன்கொல்லி நஞ்சை ஏரி முழுவதும் கலக்க நேர்ந்தது என்பது இத்தடையின் காரணத்தை உணர்த்தும்.

தடுப்போருக்கு எதிரான பாதுகாப்பு

விதிகளுக்கு உட்பட்டு மீன்பிடிப்பவருக்கு எவரும் வேண்டுமென்றே இடையூறு செய்யக்கூடாது என்று மாகாணத்தின் 1997ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஆசியக் கனேடியத் தூண்டிலாளர்கள் தாக்கப்பட்ட நிகழ்வுகள் 2007இல் வெளிவந்தபோது, ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு அவற்றை ஆராய்ந்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. தாக்குதலோ மிரட்டலோ நேரும்போது விலகிச் சென்று 911 எண்ணில் காவல்துறையை அழைத்து, இடம், நேரம், வாகன எண் ஆகியவற்றைக் குறித்துவைப்பது தக்க வழியாகும். படகு வாடகை போன்ற சேவையை இனத்தின் பேரால் மறுத்தால், ஓராண்டுக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அதே வேளையில், ஏரி பொதுவானதாக இருப்பினும் கரை தனியாருக்கு உரியதாக இருக்கக்கூடும் என்பதால், இசைவின்றி அதில் நுழைவது அத்துமீறலாகும்.

உண்ணும்போது

பிற மீன்களை உண்டு வாழும் பைக்கின் தசையில் மெதில் பாதரசம், அதாவது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பாதரசச் சேர்மம், ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகிறது. அது கொழுப்பில் அன்றித் தசையிலேயே தங்குவதால், தோலையும் கொழுப்பையும் நீக்குவதாலோ நன்கு சமைப்பதாலோ குறைவதில்லை. ஒன்ராறியோவின் வடமேற்கில் ட்ரைடன் நகர ஆலையிலிருந்து 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 டன் பாதரசம் ஆற்றில் கலந்து, அந்நீரின் மீனை உணவாகவும் பிழைப்பாகவும் கொண்டிருந்த கிராஸி நேரோஸ் பழங்குடியினரின் உடல்நலத்தையும் வாழ்வாதாரத்தையும் சிதைத்தது. ஈடு வழங்க 1986இல் தனி வாரியம் அமைக்கப்பட்டது.

ஒவ்வோர் ஏரிக்கும், மீனினத்துக்கும், நீளத்துக்கும் ஏற்ப மாதத்தில் எத்தனை வேளை உண்ணலாம் என்பதை மாகாண அரசின் மீன் உணவு வழிகாட்டி வகுத்துத் தருகிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அதில் தனி வரம்பு உண்டு. பைக்கில் நாடாப்புழுவின் இளம்பருவமும் இருக்கக்கூடும். மீனின் உட்பகுதி 70 டிகிரி செல்சியஸ் வெப்பம் அடையும்வரை சமைத்தாலோ, –20 டிகிரியில் 7 நாட்கள் உறையவைத்தாலோ அது அழிந்துவிடும். சதைக்குள் கவட்டை வடிவில் ஒளிந்திருக்கும் முட்களை நீக்கிய பின்னரே குழந்தைகளுக்குப் பரிமாற வேண்டும்.

உறைந்த ஏரியின் மேல்

ஒருவர் நடந்து செல்ல, தெளிந்த நீலநிறப் பனிக்கட்டி குறைந்தது 15 சென்டிமீட்டர் தடிமன் கொண்டிருக்க வேண்டும். வெண்ணிறப் பனிக்கட்டி அதில் பாதி வலிமையே உடையதாகையால் இருமடங்கு தடிமன் தேவைப்படும். பனி உடைந்து நீரில் விழுந்தவர், முதல் 1 நிமிடம் மூச்சைச் சீராக்கி, கைகால்கள் இயங்கும் அடுத்த 10 நிமிடங்களுக்குள் வந்த திசையை நோக்கிக் கால்களை உதைத்துக் கிடைநிலையில் ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். உணர்விழக்க ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும் என்பதால், பதற்றமே முதற்பகையாகும்.

நீருக்குத் திரும்பும் மீன்

பிடித்ததை விடுவிக்கும்போது, பைக்கின் கண்குழியில் விரலிட்டுத் தூக்கும் பழக்கம் மீனைக் குருடாக்கிவிடும். நீண்ட மூக்குடைய இடுக்கியால் கொக்கியைக் கழற்றி, ஈரக் கைகளால் வயிற்றைத் தாங்கி, இயன்றவரை நீருக்குள்ளேயே அதை அளந்து விடுவது முறையாகும். அவ்வாறு விடப்படும் நீளமான பெண்மீன், பனி உருகும் இளவேனிலில் வெள்ளம் சூழ்ந்த புல்வெளிகளில் முட்டையிட மீண்டும் கரையோரம் வரும். அதற்கிடையில், குழந்தைகளின் தட்டுக்குக் குறைந்த பாதரசம் கொண்ட சிறிய மீன் சென்றிருக்கும்.