பேசாத கணக்கைப் பேச வைத்தேன்

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் அம்மாவோடு பால் ஸ்டோருக்குப் போவேன். கிராணி பாலை நிறுத்து, எடையை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காது தப்பாது. "ஐயா, இன்னொரு தரம் நிறுங்க" என்று அவர் சொன்ன நாள்களும் உண்டு.

பேரேட்டின் இடத்தில் இன்று எக்செல். அது வாய் திறப்பதில்லை. உதவிப் பட்டியல் ஒன்றுக்காகப் பெற்றோரின் மாத வருமானத்தைத் தட்டும்போது, 1,500 ரிங்கிட்டில் ஒரு சுழியம் கூடி 15,000 ஆகிவிட்டது. என் கண் தாளின் மேல், திரையைப் பார்க்கவில்லை. பையனின் பெயர் விடுபட்டது. அவன் தாயார் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து, "எங்களுக்கு ஏன் சார் இல்லை?" என்று கேட்டபோது என் தலை நிமிரவில்லை.

பட்டியலைத் திருத்திய கையோடு, எக்செலுக்குக் குரல் கொடுக்கவும் கற்றேன். 1993 முதல் எக்செலில் விபிஏ என்ற கட்டளைமொழி உண்டு. அதில் எழுதும் சிறு கட்டளைத் தொகுப்பே மெக்ரோ. கட்டத்தில் எண் மாறியதும் தானே இயங்கும்படி ஒன்றை எழுதலாம்: தொகை 10,000ஐத் தாண்டினால் 'பீப்'. அந்த ஒரு சொல்லே போதும், கணினி ஒலிக்கும்.

எனக்கு அது போதவில்லை. மாணவி ஒருத்தியை "சார், பாருங்க!" என்று சொல்லச் சொல்லி, 'வேவ்' கோப்பாகப் பதிந்தேன். இதை ஒலிக்கவிட விண்டோசின் 'பிளேசவுண்ட்' கட்டளையை மெக்ரோவில் முதலில் அறிவிக்க வேண்டும். (எம்பி3 பாட்டை அது பாடாது!) 64 பிட் ஆபீசில் அந்த அறிவிப்பில் 'பிடிஆர்சேஃப்' என்ற சொல்லும் தேவை, நான் ஒரு மாலை முழுதும் தவித்தது இங்கேதான். கட்டளையின் கடைசியில் 0 போட்டால் ஒலி முடியும்வரை எக்செல் உறைந்து நிற்கும். 1 போட்டால் வேலை தொடரும். ஒலிக்கோப்பை வேறிடத்துக்கு மாற்றிவிட்டால் மாணவியின் குரல் வராது, கணினியின் வழக்கமான ஓசைதான் வரும். ஏட்டை 'எக்ஸ்எல்எஸ்எம்' போன்ற, மெக்ரோவை ஏற்கும் வகையில் சேமிக்காவிட்டால் மெக்ரோவே போய்விடும்.

ஆனால் 1,500ஐ 5,100 என்று தட்டினால் அந்தப் பெண் குரல் கொடுக்க மாட்டாள். அதற்கு வேறு வழி: 2002 பதிப்பு முதல் எக்செல் கட்டத்தில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும். என் கணினி ஆங்கிலத்தில்தான் படிக்கிறது. பரவாயில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் போல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.