லொறியின் பின்னச்சு: பிரித்தலும் பூட்டலும்

விழா மலரொன்றுக்குத் தமிழாசிரியர் கட்டுரை வரைவாராயின், அஃது இலக்கியத்தையோ இலக்கணத்தையோ பற்றியதாக இருக்குமென அன்பர்கள் எதிர்பார்த்தல் இயல்பே. யாமோ லொறியின் பின்னச்சைப் பற்றி எழுதப் புகுந்தோம். எம் மைத்துனரின் பழைய பெட்போர்ட் லொறியின் டிபரன்சியலை வீட்டு முற்றத்தில் இருமுறை பிரித்துப் பூட்டினோம். முதன்முறை தவறினோம், மறுமுறை திருந்தினோம். அத்தவறு கற்பித்ததையே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

மாட்டுவண்டியின் இரு சில்லுகளும் அச்சின் முனைகளில் தனித்தனியே சுழல்வன. ஆதலின் திருப்பத்தில் இடர் இல்லை. லொறியின் பின்சில்லுகளையோ இயந்திரம் உந்த வேண்டும்; உந்தும்போதே அவை வெவ்வேறு வேகத்திற் சுழலவும் வேண்டும். இரு சில்லுகளுக்கும் இடைத்தூரம் 6 அடியெனக் கொள்வோம். செங்கோணத் திருப்பமொன்றில் வெளிச்சில்லு உட்சில்லினும் ஏறத்தாழ 9½ அடி கூடுதலாக ஓட வேண்டும். திருப்பம் அகன்றதாயினும் குறுகியதாயினும் இக்கூடுதல் மாறாது. கேத்திரகணிதம் பயிலும் மாணவர் இதனைத் தாமே நிறுவிப் பார்க்கலாம்.

இவ்விடரைத் தீர்ப்பதே டிபரன்சியல். பினியன் என்னும் சிறு பற்சில்லு, கிரவுண் எனப்படும் பெரும் பற்சில்லைச் சுழற்றும். கிரவுணோடு பிணைந்த கூட்டினுள்ளே, சிலுவை வடிவான தண்டில் நான்கு சிறு பற்சில்லுகள் உள. அவை இருபுறத் தண்டுகளின் பற்சில்லுகளோடு கோத்து நிற்கும். வண்டி நேரே செல்கையில் யாவும் ஒருங்கே சுழலும். திரும்புகையில் அச்சிறு சில்லுகள் தம்மச்சிலும் சுழன்று, உட்சில்லு இழந்த சுழற்சியை வெளிச்சில்லுக்கு அளிக்கும். 1820களின் பிற்பகுதியிலேயே பெக்கூர் என்னும் பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்கென இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

மைத்துனரின் லொறி ஓடுகையில் பின்னாலிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. பினியனின் பேரிங்குகள் தேய்ந்திருந்தன. புதியன வாங்கி, கைப்பழக்கத்தை நம்பி நட்டை இறுக்கினோம். இரு கிழமை கழித்து, அயலவரின் வெங்காயத்தோடு தம்புள்ளைச் சந்தைக்குப் புறப்பட்ட லொறி மாங்குளத்துக்கு அண்மையில் நின்றுவிட்டது. அன்றிரவு பெய்த மழையில் வெங்காயத்திற் பாதி பழுதாயிற்று. அதனை விளைவித்தோர் எம்மை நோகவில்லை. அதுவே எம்மை அதிகம் நோகச் செய்தது. கராச் வைத்திருக்கும் பழைய மாணவரொருவர் வந்து பார்த்தார். பேரிங்குகள் கருகிக் கிடந்தன, பற்களும் உடைந்திருந்தன. "மாஸ்ரர், கை சொன்னதைக் கேட்டுப் பூட்டியிருக்கிறியள், அளந்து பார்க்கேல்லை" என்றார். அவர் வழிகாட்ட, மீண்டும் தொடங்கினோம்.

முதலாவது காவல். முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்னச்சை உறுதியான தாங்கிகளின்மேல் இருத்த வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியிற் புகுதல் உயிருக்கு இறுதி. எண்ணெயை வடித்தபின் இருபுறத் தண்டுகளையும் உருவ வேண்டும். இவ்வகை லொறியிற் பாரத்தைத் தாங்குவது அச்சுக்குழாய். தண்டு சில்லைத் திருப்புதல் ஒன்றையே செய்யும். ஆதலின் சில்லைக் கழற்றாமலே தண்டை உருவலாம். டிபரன்சியலோ ஒருவர் கையில் ஏந்தத் தகாத பாரம். அதற்கும் தாங்கல் வேண்டும்.

இரண்டாவது, இணை பிரியாமை. பக்கப் பேரிங்குகளின் மூடிகள் உடலோடு சேர்த்துக் கடையப்பட்டவை. கழற்றுமுன் இடம் வலம் தெரியக் குறியிட வேண்டும். கிரவுணும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட சோடி. ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்றுக.

மூன்றாவது அளவு. பினியனின் பேரிங்குகள் தளர்ந்திருப்பின் பாரமேறும்போது பினியன் அசைந்து பற்கள் அழியும். மிக இறுகின் சூடேறிக் கருகும். எமக்கு நேர்ந்தது பின்னது. கிரவுணையும் எண்ணெய்ச் சீலையும் பூட்டுமுன், பினியனின் முகப்பில் நூலைச் சுற்றி, விற்றராசினால் இழுத்து, அது சீராகச் சுழலும் விசையைக் காண்க. கைநூல் 20 இறாத்தல்-அங்குலம் வேண்டுமெனின், 2 அங்குல ஆரத்திற் சுற்றிய நூல் 10 இறாத்தல் காட்ட வேண்டும். அவ்விற்றராசை எம் கல்லூரிப் பௌதிகவியல் ஆய்கூடத்திலிருந்தே இரவல் பெற்றோம்.

பின்னர்ப் பற்களிடை விளையாட்டத்தை முள்மானியால் அளக்க வேண்டும். வண்டிக்கு வண்டி அது வேறுபடும். பலவற்றில் அங்குலத்தின் ஆயிரத்தில் 5 முதல் 10 பங்காகும். இறுதியாகச் சில பற்களில் நீலப் பசை பூசிச் சுழற்றுக. பற்கள் தொட்ட சுவடு பல்லின் நடுவே விழுதல் நன்று. உச்சியில் விழுந்தால் பினியனைக் கிரவுணின் அச்சை நோக்கி உள்ளே நகர்த்துக. அடியில் விழுந்தால் வெளியே நகர்த்துக. இதனைச் செய்வன ஷிம் எனப்படும் மெல்லிய உருக்கு வளையங்கள். நாம் நான்குமுறை பிரித்துப் பூட்டிய பின்னரே சுவடு நடுவில் வந்தது.

கைநூல் குறித்த கியர் எண்ணெயை நிரப்பி, பாரமின்றிச் சிறிது தூரம் ஓட்டி, இறங்கித் தொட்டுப் பார்த்தோம். கை வைக்கக் கூடிய இளஞ்சூடே இருந்தது. லொறி மறுபடியும் தம்புள்ளைக்குச் சென்றது. அயலவரின் இழப்பையும் மூன்று பயணங்களிற் கொடுத்துத் தீர்த்தோம்.

விற்றராசை ஆய்கூடத்தில் மீள ஒப்படைத்தபோது, பரீட்சைக்கென மாத்திரம் கற்கும் மாணவர்க்கு ஒன்று சொல்ல வேண்டுமெனத் தோன்றிற்று. அந்நூலும் விற்றராசும் முறுக்கத்தைப் பற்றிய பாடத்தில் நீங்கள் காண்பனவே. பிறர் பொருளும் உயிரும் நம் கைவேலையை நம்பி ஏறுகின்றன. ஆதலின் கையை நம்புக, அளந்தபின் நம்புக.