கறுத்த கத்தியை எறியற்க

வாழைக்காய் அரிந்த கத்தி கறுத்துவிட்டதென்று சாம்பலிட்டுத் தேய்ப்பதும், மறுநாளும் அது கறுக்கக் கண்டு ஈற்றில் எறிந்துவிடுவதும் பல வீடுகளில் நடப்பதே. கடையில் வாங்கிய மினுங்கும் கத்தி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எறியப்பட்டதோ பெரும்பாலும் கொல்லன் உலையில் அடித்த காபன் உருக்குக் கத்தி. நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்குவரை காபன் சேர்ந்த இரும்பே அது. எளிதிற் கூர் ஏறும்; பேணினால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். அதனைக் காக்க விரும்புவோர் கத்தியில் ஏற்படும் இருவகை நிறமாற்றங்களை வேறுபிரித்தறிதல் வேண்டும்.

ஒன்று செந்துரு. இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடும்போது அது பிறக்கிறது. உப்புச் சேர்ந்தால் விரைவு கூடும். கடற்காற்று வீசும் எமது ஊர்களில் இரும்புப் பொருள்கள் விரைந்து கெடுவது இதனாலேயே. செந்துரு நீரைத் தன்னகத்தே பிடித்து வைக்கும், பொருக்காகப் பெயரும். பெயர்ந்த இடத்தில் அடியிலுள்ள இரும்பும் துருவேறும். இவ்வாறு அது கத்தியைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகிறது.

மற்றையது கருநீலப் படலம். புளிப்போ துவர்ப்போ உள்ள உணவு உருக்கிற் பட்டதும் இது தோன்றுகிறது. மெல்லியதாயினும் அலகை இறுகப் பற்றிக்கொண்டு துருவேறும் வேகத்தைக் குறைக்கிறது. வாழைக்காயிலும் தேயிலையிலும் உள்ள தனின் என்னும் துவர்ப்பொருள் இரும்புடன் சேர்ந்து கருநீல நிறம் தரும். கடுக்காயையும் இரும்பையும் கொண்டு முன்னோர் துணிகளுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியதும் இம்மாற்றத்தைத் துணைக்கொண்டே.

இப்படலத்தை நாமே சீராக ஏற்றிக்கொள்ளலாம். கத்தியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, எண்ணெய்ப்பசை நீக்கித் துடைத்துலர்த்துக. வினாகிரியை இளஞ்சூடாக்கி, துணியில் தோய்த்து அலகின் இருபுறமும் பூசி 10 நிமிடம் விடுக. சாம்பல் நிறம் படரக் காணலாம். கழுவித் துடைத்து மீண்டும் பூசுக. 3, 4 முறை செய்தால் நிறம் ஆழ்ந்துவிடும். வினாகிரி இல்லாதார் அலகை உருளைக்கிழங்கிற் செருகிச் சில மணி நேரம் வைக்கலாம். கடுகை வினாகிரியில் அரைத்து ஆங்காங்கே தொட்டுவைத்தால் அழகிய கோலமும் விழும். அவசரமில்லாதார்க்கு இவையொன்றும் வேண்டா. நாள்தோறும் வெங்காயமும் வாழைக்காயும் அரிந்து, உடனே கழுவித் துடைத்து வந்தாற் சில வாரங்களிற் படலம் தானே அமையும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. அலகைப் புளிப்புநீரில் இரவு முழுவதும் ஊறவிட்டால் அரிப்புண்டு குழி விழும். பழப்புளியிட்டு அழுத்தித் தேய்த்தால் ஏறிய படலம் போய்விடும். தீட்டிய விளிம்பில் படலம் இராது. அங்கு ஈரம் நிற்க விடலாகாது. படலம் ஏறிய கத்தியும் ஈரத்தோடு கிடந்தால் துருப்பிடிக்கும். ஆகவே துடைத்துலர்த்தித் தேங்காயெண்ணெய் சிறிது தடவி வைப்பதே நன்று. முதற் சில நாள்கள் அரிந்த காய் சற்றுக் கறுக்கலாம். இரும்புச் சுவையும் தோன்றலாம். படலம் முதிர்ந்தபின் இவை குறையும்.

மினுங்கும் கத்திக்கும் ஒரு படலமே காவல் என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செபீல்டு நகரில் ஹரி பிரியர்லி என்பார் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பங்கு குரோமியம் கலந்த உருக்கை உருவாக்கினார். அத்தகைய உருக்கின்மேற் கண்ணுக்குப் புலனாகாத குரோமிய ஒட்சைட்டுப் படலம் உண்டு. கீறுண்டாலும் காற்றுப் பட்டதும் அது தானே மூடிக்கொள்ளும். கொல்லன் அடித்த கத்திக்கு அவ்வசதி இல்லை. அதன் படலத்தைப் பேணுவது நமது கைவேலை.

ஆகவே, கத்தி கறுத்தால் முதலில் ஈர வெள்ளைத்துணியால் துடைத்துப் பாருங்கள். துணியிற் செங்கபிலக் கறை படிந்தால் அது துரு. சாம்பலிட்டுத் தேய்த்து நீக்குங்கள். செந்நிறம் சிறிதும் படியாவிடின் எண்ணெய் தடவி, அதற்குரிய இடத்திலேயே வையுங்கள்.