கடுகினும் சிறிய ஈ: பிரேசில் தேசத்தில் கண்டறியப்பட்ட புதிய இனம்

உலகத்தில் வாழும் ஜந்துக்களுள் பூச்சி வர்க்கமே இன வகையால் மிகப் பெரியதென்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் குடியானவர் கண்ணுக்குப் புலப்படுவன அவற்றுள் மிகச் சிலவே. நெற்பயிரின் குருத்துப்பூச்சியையும், கரும்பின் இடைக்கணுப் புழுவையும், தென்னையின் காண்டாமிருக வண்டையும் அறியாத நிலக்காரர் இலர். அவ்வயலிலும் தோப்பிலுமே தூசியென்று ஊதித் தள்ளப்படும் நுண்ணிய பூச்சிகள் எண்ணிறந்தன உள. அவை என்ன தொழில் செய்கின்றன, பயிருக்குப் பகையா உறவா என்பதை விசாரிப்பவர் சிலரே. அவ்விசாரணையின் பயனை விளக்குதற்கு, தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் தேசத்திலிருந்து கிடைத்த ஒரு சிற்றீயின் வரலாறு ஏற்றதாகும்.

ஈயின் அளவும் உருவமும்

பிரேசிலின் அமெஸோனாஸ் மாகாணத்தில், மனாவுஸ் நகரத்தை அடுத்த காட்டுப் பகுதியில் எடுக்கப்பட்ட இவ்வீயை, லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சிசாலையைச் சேர்ந்த பூச்சி நூல் வல்லார் பிரையன் பிரௌன் என்பவர் ஆராய்ந்து, 2018-ஆம் ஆண்டில் புதிய இனமென்று விவரித்துப் பெயரிட்டார். அதன் உடல் நீளம் 0.395 மில்லிமீட்டர். இதனை எளிதில் உணரவேண்டின், ஓர் அங்குல நீளத்தில் இவ்வீக்கள் 64-ஐ ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய் நிறுத்தலாம். ஒரு கேழ்வரகு மணியின் குறுக்கே மூன்று ஈக்கள் நிற்க இடமுண்டு. புகையிலை விதையும் இதனினும் பெரிது. நம் வீட்டு ஈயின் நீளத்தில் இது ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கேயாம்.

ஈக்கள் என்று சொல்லப்படும் வர்க்கத்திற்கு முன்சிறகு இரண்டே உண்டு. பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில், பறக்கும்போது உடலைச் சமநிலையில் நிறுத்தும் சிறு குமிழ்கள் இருக்கும். மேற்கூறிய புதிய இனத்தின் பெண் ஈக்கோ, அவ்விரு சிறகுகளும் குறுகிப் பறத்தற்கு உதவாத சிறு எச்சங்களாக மட்டுமே உள்ளன. நடுக்கால்களும் பின்கால்களும் மிகச் சிறுத்துள்ளன. முன்னங்கால்கள் மாத்திரம் மல்லனின் புஜம்போலத் தடித்துப் புடைத்திருக்கின்றன. இது பற்றியே, பெரிய முன்கால் என்னும் பொருள்படும் சொற்களை அடியாகக் கொண்டு ‘மெகாப்ரோபோடிஃபோரா’ என்று குலப்பெயரும், உடற்பயிற்சி வீரரும் நடிகரும் 2003 முதல் 2011 வரை கலிபோர்னியா மாகாணத்தின் கவர்னராயிருந்தவருமான ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெகரின் நினைவாக ‘ஆர்னால்டி’ என்று இனப்பெயரும் இதற்கு இடப்பட்டன.

இதற்கு முன் உலகத்தின் மிகச் சிறிய ஈயென்று எண்ணப்பட்டது, தாய்லாந்து தேசத்திலிருந்து 2012-ஆம் ஆண்டில் அதே ஆராய்ச்சியாளரால் விவரிக்கப்பட்ட ‘யூரிபிளாட்டியா’ என்னும் குலத்து ஈ. அதன் நீளம் 0.40 மில்லிமீட்டர். இரண்டிற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கேயாதலால், பிரேசில் ஈயை அப்பட்டத்திற்கு இரண்டாவது போட்டியாளன் என்றே ஆராய்ச்சி நூல் குறிப்பிடுகின்றது.

சிறகு குறைந்த காரணம்

சிறகென்பது ஈக்குப் பெருஞ் செல்வமாயிருக்க, அதனை இழந்து வாழ்வதால் என்ன லாபம் என்று கேட்கலாம். இவ்விரண்டு ஈக்களும் ‘ஃபோரிடே’ என்னும் கூன்முதுகு ஈக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 4,000-க்கு மேற்பட்டவை. அவற்றுள் அநேகம் எறும்புப் புற்றிலும் கரையான் புற்றிலும், உதிர்ந்த இலைச் சருகினடியிலும், மண் இடுக்கிலும் வாழ்வன. குறுகிய வழிகளில் நுழைந்து திரியும் உயிருக்கு நீண்ட சிறகு சுமையாகும். ஆகவே பல இனங்களில் பெண் ஈக்கள் சிறகு குறைந்தோ சிறகேயின்றியோ உள்ளன. ஆண் ஈக்கள் சிறகுடன் பறக்கின்றன. ‘பூலிசிஃபோரா’ என்னும் குலத்தில் ஆண் ஈ தன் சிறகற்ற பெட்டையைப் பற்றித் தூக்கிக்கொண்டு பறந்து வேறிடம் சேர்க்கும் வழக்கமும் காணப்பட்டுள்ளது.

பிரேசில் ஈயின் உறுப்புகளைக் கொண்டு அதன் தொழிலை ஆராய்ச்சியாளர் ஊகித்துள்ளனர். முட்டையிடும் உறுப்பு கூர்மையாயிருத்தலின், அது பிற பூச்சியின் உடலினுள் முட்டையிடும் ஒட்டுண்ணி என்றும், வலிய முன்னங்கால்களால் அவ்வழியே செல்லும் எறும்பையோ கரையானையோ பற்றிக்கொள்ளும் என்றும் அவர்கள் கருதுகின்றனர். ஒட்டுண்ணியின் புழு ஒரே பூச்சியின் உடலைத் தின்றே முழு வளர்ச்சி பெறவேண்டும்; ஆதலால் இரை சிறியதானால் ஈயும் சிறியதாயிருத்தல் இயல்பு.

எறும்பின் தலையே கூடு

இக்குடும்பத்து ஈக்கள் எறும்பை அழிக்கும் விதம் நன்கு பரிசோதித்து அறியப்பட்டதொன்றாகும். ‘சூடாக்டியான்’ என்னும் குலத்துப் பெண் ஈ எறும்பின் மேல் பாய்ந்து, இமைப்பொழுதில் அதன் மார்பினுள் ஒரு முட்டையைச் செலுத்திவிடும். முட்டையிலிருந்து தோன்றும் புழு தலைக்குள் சென்று, அங்குள்ளவற்றைத் தின்று வளரும். முடிவில் எறும்பின் தலை கழன்று விழும். அவ்வெற்றுத் தலையோட்டையே கூடாகக் கொண்டு புழு கூட்டுப்பருவம் கழித்து, ஈயாகி வாய்வழியே வெளிப்படும்.

இதன் பயனை அமெரிக்க ஐக்கிய நாட்டுக் குடியானவர் அனுபவத்தில் அறிந்துள்ளனர். தென் அமெரிக்காவின் செந்நெருப்பெறும்பு 1930-களில் அலபாமா மாகாணத்து மொபைல் துறைமுகத்தின் வழியாக அந்நாட்டில் புகுந்து, வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் பரவிற்று. அதனை அடியோடு ஒழிக்கக் கருதி 1957-ஆம் ஆண்டு முதல் ஆகாய விமானங்களின் மூலம் டீல்ட்ரின், ஹெப்டாகுளோர் ஆகிய விஷ மருந்துகள் பெரும் பரப்பில் இறைக்கப்பட்டன. பறவைகளும் பிற ஜந்துக்களும் மாண்டன. எறும்போ மீண்டும் பரவிற்று. பின்னர், எறும்பின் தாயகத்தில் அதனை அடக்கி வைப்பவை எவையென்று ஆராய்ந்து, மேற்கூறிய ஈக்களைப் பரிசோதனை செய்து, 1997-ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாகாணத்தில் விட்டனர். அவை அங்கு நிலைபெற்றன. ஈ நேராகக் கொல்லும் எறும்புகள் சிலவேயாயினும், ஈ தலைமேல் வட்டமிடும்போது எறும்புகள் இரை தேடுதலை விட்டு ஒளிந்துகொள்வதால், அவற்றின் ஆதிக்கம் குறைகின்றது. ஈக்களால் மட்டுமே எறும்பு ஒழிந்துவிடவில்லை. பிற முறைகளுக்கு அவை துணையாயின என்பதே உண்மை.

பிரேசிலில் எலுமிச்சை வகை மரங்களையும் யூகலிப்டஸ் தோப்புகளையும் மொட்டையாக்கும் இலைவெட்டி எறும்புகளுக்கும் இவ்வாறே ஃபோரிட் ஈக்கள் பகை. பெரிய எறும்பு இலைத்துண்டைச் சுமந்து செல்லுகையில், அத்துண்டின்மேல் சிற்றெறும்பு ஒன்று அமர்ந்து ஈ அணுகாதபடி காவல் புரிவது அங்கு எளிதிற் காணக்கூடிய காட்சி. காவலாள் வைக்கத் தக்க பகைவன் எத்துணை வலியவன் என்பதை எறும்பே அறியும்.

எல்லா ஈயும் நன்மை செய்வதன்று

அதே குடும்பத்தில் தீமை செய்வனவும் உண்டு. ‘மெகாசீலியா’ குலத்து ஈக்களின் புழுக்கள் காளான் வளர்க்கும் குடில்களில் நஷ்டம் விளைப்பவை. கலிபோர்னியாவில் தேனீயின் உடலினுள் முட்டையிடும் ஓர் இனம் உண்டென்பது 2012-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதனால் பீடிக்கப்பட்ட தேனீக்கள் இரவில் கூட்டைவிட்டு வெளியேறி விளக்கொளியை நாடி மடிகின்றன. ஆகையால் இன்ன குடும்பம் என்று அறிந்த மாத்திரத்தில் நண்பனென்றோ பகைவனென்றோ முடிவு கட்டலாகாது. இனத்தைப் பிரித்தறிதலே முதற்காரியம்.

இதனைக் கிராமக் கணக்குடன் ஒப்பிட்டு நோக்கலாம். புல எண்ணும் எல்லைக் கல்லும் இல்லாத நிலத்திற்குப் பட்டா இல்லை. வழக்கு வந்தால் உரிமை நாட்டவும் இயலாது. அதுபோலவே, பெயரும் விவரணமும் இல்லாத பூச்சியைப்பற்றி ஒருவர் கண்டது மற்றொருவருக்குப் பயன்படாது. விவரணமே அதன் பட்டா. அருங்காட்சிசாலையில் காக்கப்படும் மூலமாதிரியே எல்லைக் கல். மேற்படி பிரேசில் இனம் விவரிக்கப்பட்டபோது கிடைத்திருந்தது ஒரே ஒரு பெண் ஈ. அது வாழ்ந்த அமெஸான் காடோ மேய்ச்சலுக்கும் சோயா பயிருக்குமாக ஆண்டுதோறும் வெட்டப்பட்டு வருகின்றது. கணக்கில் ஏறுமுன்னரே அழிந்துபோகும் உயிர்களின் உதவியை எவரும் நாட இயலாது.

சிறு ஒட்டுண்ணியின் மதிப்பு தமிழ்நாட்டாருக்குப் புதிதன்று. 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதலிற் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி முதலியவற்றைப் பாழாக்கிற்று. மாவு படர்ந்த அதன் உடலில் மருந்து எளிதிற் படவில்லை. 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து தருவிக்கப்பட்ட, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ‘அசெரோஃபேகஸ்’ என்னும் ஒட்டுண்ணிக் குளவியே அதனை அடக்கிற்று.

குடியானவர் கவனிக்கத் தக்கவை

1. பூச்சியைக் கண்டவுடன் மருந்தடிக்கலாகாது. சேதத்தின் அளவையும், ஒட்டுண்ணி பட்டு நிறம் மாறிய முட்டைகள், கூடுகள் உள்ளனவா என்பதையும் முதலில் பார்க்கவேண்டும். எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்து நண்பனையே முதலில் கொல்லும். ஏனெனில் ஒட்டுண்ணியின் உடல் மிகச் சிறிது.

2. வரப்பிலுள்ள பூச்செடிகளைத் தீ வைத்து அழித்தலைத் தவிர்த்தல் நலம். ஒட்டுண்ணிகளுள் பல, வளர்ந்த பருவத்தில் பூந்தேனை உண்டு உயிர் வாழ்வன.

3. புதிதாகத் தோன்றும் பூச்சியைக் கசக்கி எறியாமல், ஈரமான தூரிகை முனையால் எடுத்துச் சிறு சீசாவிலுள்ள சுத்தமான ஸ்பிரிட்டில் இடவேண்டும். ஊர், பயிர், தேதி ஆகியவற்றைச் சிறு காகிதத்தில் பென்சிலால் எழுதி அச்சீசாவினுள்ளேயே போடவேண்டும். மை எழுத்து ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். இக்குறிப்பில்லாத பூச்சி ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் பயன்படாது.

4. அவ்வாறு சேர்த்ததைத் தாமதமின்றி அருகிலுள்ள விவசாய உத்தியோகஸ்தரிடமோ, விவசாயக் கல்லூரியின் பூச்சியியல் பகுதிக்கோ அனுப்பவேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் ஊரில் வழக்கத்திற்கு மாறான பயிர்ச் சேதம் கண்டவிடத்து, சேதத்தைக் கணக்கில் எழுதுவதோடு, அதற்குரிய பூச்சியையும் இம்முறையில் சேகரிக்கச் செய்தல் பேருதவியாகும். புதிய பகைப்பூச்சி ஒரு தோட்டத்தில் இருக்கும்போதே அறியப்படுவதற்கும், ஒரு தாலுகா முழுவதும் பரவியபின் அறியப்படுவதற்கும் உள்ள வித்தியாசம், குடியானவரின் ஒரு போக மகசூலேயாகும்.