ஊறவைத்த ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடலாமா?

இரவில் ராஜ்மாவை ஊறப் போடுகிறீர்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஸ்லோ குக்கரில் கொட்டி, குறைந்த சூட்டில் வைத்துவிட்டுப் போகிறீர்கள். மாலையில் வந்தால் கறி தயார்.

வேலை மிச்சம்தான். ஆனால் அன்றைய ராத்திரி கழிவறையிலேயே கழியலாம்.

காரணம், ராஜ்மாவில் உள்ள ஒரு புரதம். பெயர் கொஞ்சம் நீளம்: ஃபைட்டோஹீமக்ளுட்டினின். 'லெக்டின்' எனும் வகையைச் சேர்ந்தது.

புரதம் என்றாலே நமக்கு ஜிம், தசை என்றுதான் ஞாபகம் வரும். செடிக்கு அது வேலை செய்யும் கருவியும்கூட. விதையைத் தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்ட லெக்டின் உதவுவதாகக் கருதப்படுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

புரதம் ஒரு நீண்ட சங்கிலி. அது மடிந்து மடிந்து தனக்கென ஒரு வடிவத்துக்கு வரும். லெக்டினின் அந்த வடிவத்தில் சின்னக் குழிகள் உண்டு. சில வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் மட்டுமே அவற்றில் கச்சிதமாகப் பொருந்தும். லெக்டின் என்ற பெயரே, 'தேர்ந்தெடு' எனும் பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நம் குடலின் உட்புற உயிரணுக்களின் மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். லெக்டின் போய் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். எளிதில் செரிக்கவும் செரிக்காது. 1 முதல் 3 மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. பச்சையாக 4, 5 பீன்ஸ் சாப்பிட்டாலே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ராஜ்மா லெக்டினில் நான்கு பகுதிகள் சேர்ந்திருக்கும். அதனால் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து உயிரணுக்களைப் பிடித்து ஒட்டவைக்க முடியும். ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் கட்டிகட்டியாகச் சேரும். ஆய்வுக்கூடத்தில் ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைப் பிரிக்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். அப்படிச் செய்தபோது வெள்ளையணுக்கள் பிரிந்து பெருகத் தொடங்குவதை 1960ல் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் நோவெல் கண்டறிந்தார். குரோமோசோம் பரிசோதனைகளுக்கு அது பெரிய உதவியானது. வயிற்றைக் கலக்கும் அதே புரதம்!

மெத்தென்று இருந்தால் வெந்ததுதானே?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பீன்ஸ் மெத்தென்று ஆவது வேறு, லெக்டின் செயலிழப்பது வேறு.

நன்றாகக் கொதிக்கும்போது புரதத்தின் மடிப்பு அவிழ்ந்துவிடும். குழி போனால் பிடியும் போச்சு. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி பழையபடி ஆகுமா? இதுவும் அப்படித்தான், ஆறினாலும் திரும்ப மடியாது.

குறைந்த சூட்டில் வைத்த ஸ்லோ குக்கர் கொதிநிலையை எட்டாமலேயே இருக்கலாம். 80 டிகிரி செல்சியஸ் அளவில் மட்டும் சூடாக்கினால் நச்சுத்தன்மை பச்சை பீன்ஸைவிடக்கூட அதிகமாகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது.

அப்போ ஸ்லோ குக்கரே கூடாதா? கூடும். முதலில் பீன்ஸைக் குறைந்தது 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில், அடுப்பில், தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். இது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. 30 நிமிடம் என்கிறது அமெரிக்க நிர்வாகம். நேரம் இருந்தால் அதையே பின்பற்றலாம். அதன்பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள்.

டின்னில் வரும் ராஜ்மாவுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அது ஏற்கெனவே வேகவைத்தது, அப்படியே கறியில் சேர்க்கலாம்.