பட்டா இல்லாத பாத்தியம்

ஊத்துக்கோட்டையை அடுத்த தேர்வாய் கண்டிகை மக்களுக்கு ஊரை ஒட்டிக் கிடந்த மேய்க்கால் நிலம்தான் பெரிய சொத்து. ஆடு மாடுகள் அங்கேதான் மேய்ந்தன. ஓட்டிச் சென்றவர்கள் திரும்பும்போது தலையில் ஒரு சுள்ளிக்கட்டு இருக்கும். மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஏரிக்கு வந்தது.

சுமார் 1,100 ஏக்கர் கொண்ட அந்த நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. அங்கே டயர் ஆலை அமைக்க 2009-இல் பிரெஞ்சு நிறுவனமான மிச்செலின் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் அந்த ஊர் எதிர்த்துப் போராடியது. 2012-இல் விவகாரம் பிரான்ஸ் வரை போய், பன்னாட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பின் முன் வந்தது. மிச்செலின் அத்தகைய நிறுவனங்களுக்கான நெறிமுறைகளை மீறவில்லை என்று 2013-இல் அந்த அமைப்பு முடிவு சொன்னது.

மேய்ச்சலையும் வழியையும் இழந்தவர்களுக்குச் சட்டத்தில் என்ன பிடிமானம்?

கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடை பாத்தியம்’ என்று எழுதுவது வழக்கம். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, பக்கத்து நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் உரிமையோடு, தடையின்றிப் போய்வந்தவர் அந்தப் பாதையைக் கேட்டு வாங்கலாம். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். ஆனால் அந்த உரிமை கேட்பவரின் சொந்த நிலத்தோடு ஒட்டியது. நாலு ஆடு மட்டும் வைத்திருக்கும் நிலமற்ற பெண்ணுக்கு அதில் இடமில்லை. ஊர் வழக்கம் ஒன்றுதான் அவருக்குச் சாட்சி. அதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது எளிதல்ல.

ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான தனியார் நிலங்களிலும் பொறுப்போடு நடந்து செல்லும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தது. அதற்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் வேண்டியதில்லை.

நம் உச்ச நீதிமன்றமும் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலத்தைத் தனியாருக்கும் வணிக நிறுவனங்களுக்கும் ஒதுக்கும் அரசாணைகள் சட்டவிரோதம் என்று கண்டித்தது. தேர்வாய் கண்டிகைக்கு அது காலம் கடந்த தீர்ப்பு. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரத்தில் இனி வரும் தொழிற்பேட்டைகளுக்காவது அது பயன்பட வேண்டும். நிலத்தை ஒப்படைக்கும் முன்பே மேய்ச்சல் தடம், வண்டிப்பாதை, சுடுகாட்டு வழி, ஏரியின் வரத்துக் கால்வாய் அனைத்தையும் கிராம சபையில் வைத்துக் கணக்கெடுக்க வேண்டும். அவற்றைப் புல வரைபடத்தில் ஏற்றி, ஒதுக்கீட்டு ஆணையிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். நிலமில்லாதவர்களின் மேய்ச்சலுக்கு மாற்று இடம் காட்டாமல் வேலிக்கல் நடக் கூடாது.